நகத்து மஞ்சள்

சோப்பை நுரைக்கவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் அக்காவின் வலது கை நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பவதாரிணி. கட்டைவிரலில் கறை போய்விட்டது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்தின் ஓரத்தில் மஞ்சள் விடாப்பிடியாக நின்றது. விடிகாலை ஐந்து மணிக்கு உயிர் போன உடம்பு, எட்டு மணிக்கெல்லாம் விறைக்கத் தொடங்கியிருந்தது. விரல்களைப் பிரித்துப் பிடிக்கவே பலம் வேண்டியிருந்தது. வெளியே ஐஸ் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

தட்டாமலே கதவைத் திறந்துகொண்டு ஒச்சாயி வந்தாள். அக்கா புருஷன் சூரியபிரகாஷுக்குச் சித்தி.

"என்னத்தடி அப்படித் தேய்க்கிற?"

"மருந்துக் கறை அத்தை."

"எடுக்குறதுக்கு முன்னாடி குளிப்பாட்டத்தான போறோம்? அப்பப் போவாதா? செத்த உடம்பப் போட்டு இம்சை பண்ணிக்கிட்டு." ஒச்சாயி குனிந்து அக்கா ஆர்த்திகாவின் கன்னத்தைத் தடவினாள். முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பூவும் பொட்டுமாப் போறா. குடுத்து வச்ச மகராசி."

முப்பத்துநான்கு வயது. இரண்டு வருஷம் கேன்சர். பிள்ளை குட்டி கிடையாது. இதில் என்னத்தைக் கொடுத்து வைத்தாள் என்று கேட்க நாக்கு துடித்தது. பவதாரிணி பிரஷ்ஷை மக்கில் போட்டு அலசினாள். தண்ணீர் லேசாக மஞ்சளாயிற்று. அதைக் கொண்டுபோய்க் குளியலறையில் ஊற்றிவிட்டு வந்தாள்.

அது மருந்துக் கறை இல்லை. முந்தாநாள் மத்தியானம் ஆர்த்திகா பிசைந்து சாப்பிட்ட நாட்டுக்கோழிக் குழம்பின் மஞ்சள். அந்த வீட்டில் அப்போது கோழியின் பேரைக்கூட எடுக்கக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால், இனி அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பவதாரிணிக்கு. அக்காவின் ரிப்போர்ட்டை அவளே பிரிண்ட் எடுத்தாள். அதிலிருந்த எண்களைப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. சூரியபிரகாஷிடம் பக்குவமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போய், தீச்சட்டி எடுக்கிறேன் என்று காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பதினைந்து நாள் விரதம். செருப்பில்லை, பாய் தலையணை இல்லை, வீட்டில் கவுச்சி இல்லை, குழம்பில் தாளிப்பு இல்லை. இன்றைக்குப் பதினோராம் நாள்.

வாசலில் பந்தல் போட்டு முடிக்கும் முன்பே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிரே வந்துவிட்டன. ஒன்றில் காளை, சூரியபிரகாஷின் பெரியப்பா. எழுபத்தெட்டு வயதிலும் நெற்றி நிறையத் திருநீறு, நாற்பது வருஷம் தீச்சட்டி எடுத்த உள்ளங்கை. இன்னொன்றில் பேச்சிமுத்து, பவதாரிணியின் தாய்மாமன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணமானாலும் கருமாதியானாலும் கறுப்புச் சட்டை. சாவு வீட்டில் செய்வதற்கு ஆயிரம் வேலை கிடக்கிறது. தத்தனேரி சுடுகாட்டில் நாலு மணிக்கு நேரம் வாங்கியாயிற்று, இன்னும் மாலைக்குச் சொல்லவில்லை, கோடிச் சேலை வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் கடவுளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவ சோதிப்பா மாப்ள. கைவிட மாட்டா," என்றார் காளை.

"கைவிடலைன்னா அப்ப உள்ள கெடக்குறது யாருண்ணே?"

"அவசரப்படாத. பெத்தவ புள்ளையத் தூக்கிட்டுப் போயி ஊசி போட வைக்கிறா. புள்ள கத்துது. நல்லதுக்குத்தான்னு அதுக்குத் தெரியுமா? நம்ம அறிவும் அம்புட்டுத்தான்."

"ஊசி போட்டா புள்ள பொழைக்கணும்ணே. செத்துப் போச்சுன்னா அதுக்குப் பேரு ஊசியா? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இப்படி ஆகும்னு உங்க ஆத்தாளுக்குத் தெரியலையா? தெரிஞ்சும் தடுக்க முடியலையா? முடிஞ்சும் மனசு வரலையா? மூணுல ஒண்ணு சொல்லுங்க, நான் இந்தச் சட்டையக் கழட்டிப் போட்டுறேன்."

சொல்லிவிட்டு அவர் பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் பவதாரிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா கேட்டதில் தப்பில்லை. அவளும் லேப்பில் குழந்தைகளின் கைநரம்பைத் தேடும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறாள். ஆனால் சீட்டாட்டத்தில் ஜோக்கரை இறக்குகிறவன் முகம் அது. அக்காவைத்தான் இறக்கியிருந்தார்.

ஆர்த்திகா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஜெபமேரி டீச்சர் மாலையோடு வந்தார். அங்கே ஆர்த்திகா சத்துணவு அமைப்பாளர். டீச்சர் பவதாரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தமக்குப் பிரியமானவங்கள ஆண்டவர் சீக்கிரம் அழைச்சுக்குவாரும்மா," என்றார். அவர் கண்ணீர் நிஜமானதாக இருந்ததால் பவதாரிணி தலையை ஆட்டினாள். அப்படிப் பார்த்தால் காளை பெரியவர்மேல் ஆண்டவருக்கு அவ்வளவாகப் பிரியமில்லை போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

காளை இதற்குள் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மூணு சொன்னேல்ல மாப்ள. நாலாவது ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்துல குத்தம். விரதம் எங்கயோ கலைஞ்சிருக்கு. இல்லைன்னா பதினோராம் நாள் இப்படி நடக்குமா? காப்போட இருக்குற வீட்டுக்குள்ள எமன் எப்படி வருவான்?"

பவதாரிணி கையில் பிடித்திருந்த ஊதுபத்திக் கட்டைத் தெரியாமல் இறுக்கினாள். இரண்டு குச்சி முறிந்தது.

பதினோரு மணி வாக்கில்தான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. காப்புக் கட்டிய கையோடு பிணத்தைத் தொடக் கூடாது, கொள்ளி வைக்கக் கூடாது. அவிழ்க்க வேண்டிய பூசாரி தீட்டு வீட்டுக்குள் வர மாட்டார். போனைப் போட்டுக் கேட்டதற்கு, "கட்டினவன் மனசு ஒப்பி அவுத்து, வேப்ப மரத்துல கட்டிட்டு, தலை முழுகிட்டுச் செய்யட்டும்," என்று சொல்லிவிட்டார். காளை அதை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தார். அவர் வரைக்கும் பிரச்சினை தீர்ந்தது. தீராமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தான் சூரியபிரகாஷ்.

மோட்டார் மேடைக்குப் பக்கத்தில், வெறும் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடிகாலையில் ஆர்த்திகாவின் மூச்சு நின்றதும் எழுந்து போனவன் உள்ளே திரும்பவே இல்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள், காய்ந்த வேப்பிலை. இரு சக்கர வண்டி மெக்கானிக். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"அவுத்துருப்பா சூரியா," என்றார் காளை. "நேரமாகுது."

"மாட்டேன்."

"சட்டி எடுக்குறது அடுத்த வருசம் பாத்துக்கலாம்யா. தாயி தப்பா நினைக்க மாட்டா."

"பதினஞ்சு நாளும் இருந்து சட்டி எடுத்துட்டுத்தான் அவுப்பேன். குத்தத்தக் கழிக்கணும்ல? கொள்ளிய செல்வக்குமார வைக்கச் சொல்லுங்க." செல்வக்குமார் அவன் தம்பி.

"என்ன குத்தம்?" காளையின் குரல் சட்டென்று கூர்மையாயிற்று.

அவன் தரையைப் பார்த்தே சொன்னான். ஆறாம் நாள். வலி பொறுக்க முடியாமல் ஆர்த்திகா கத்தியபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து உள்ளே இல்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். பங்குனி வெயில், தார் ரோடு, மத்தியானம் ஒன்றரை மணி. நாலு எட்டு வைத்தவன் திரும்பி வந்து வாசலில் கிடந்த யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினான்.

"கால் வெந்தா வெந்துட்டுப் போகுதுன்னு ஓடியிருக்கணும். ஓடல. ஒரு செருப்பு. அதுக்குப் போயி அவள..." அவன் நிறுத்தினான். "கொன்னவன் எப்படிப் பெரியப்பா கொள்ளி வைக்கிறது? அவளத் தொடுறதுக்கே எனக்கு யோக்கியதை இல்ல."

காளை மெல்லத் தலையை ஆட்டினார். நாலாவது பதில் கிடைத்துவிட்ட தலையாட்டல்.

பின்னாலேயே வந்திருந்த பேச்சிமுத்துவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "பாத்தீகளா? இதத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மருந்து வாங்க ஓடுனவனக் கொலைகாரன்னு உக்கார வச்சிருக்கு உங்க சாமி. இதுக்குப் பேரு..."

"மாமா, போதும்!"

பவதாரிணியின் குரல் அவளுக்கே அதிகமாகப் பட்டது. முன்வாசலில் ஒப்பாரிகூட ஒரு கணம் நின்று தொடர்ந்தது.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க மாமா. போதுமா? பெரிய மாமா, நீங்களும் ஜெயிச்சுட்டீங்க. ரெண்டு பேரும் போயி ஆளுக்கொரு காப்பி குடிங்க. எங்க அக்காவ விட்டுருங்க."

இருவரும் நகரவில்லை. சாவு வீட்டில் கோபப்படுகிற பெண்ணுக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

அவள் கொல்லைப்புறச் சுவரில் சாய்ந்து நின்றாள். சொல்லிவிடலாம். ஒரு செருப்புக்கு முன்னால் ஒரு முழுக் கோழி. குற்றம் என்று ஒன்று வேண்டுமென்றால் அது இவனிடம் இல்லை, தன்னிடம்தான் இருக்கிறது என்று எடுத்து வைத்துவிடலாம். ஆனால் எடுத்து வைத்த மறு நிமிஷம் அது குற்றமாகிவிடும். அவள் நம்பாத ஒரு சட்டத்தில் அவளே கைநாட்டு வைத்த மாதிரி. கோழி கொடுத்து அக்காளைக் கொன்றவள் என்று கருமாதிப் பந்தலிலிருந்து காதுகுத்துப் பந்தல் வரைக்கும் சொல்வார்கள். அம்மா ரெங்கம்மாளின் காதுக்கு இன்றைக்கே போகும். அம்மா காளையைவிடப் பெரிய பக்தை.

போதாததற்கு அக்காவிடம் கொடுத்த வாக்கு வேறு இருந்தது.

முந்தாநாள் சூரியபிரகாஷ் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்த நேரம். கோச்சடை வீட்டில் அம்மா தூங்கும்போது சமைத்து, தூக்குவாளியில் ஊற்றி, சுடச்சுட பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டது ஆர்த்திகாதான். போன் பண்ணி, ரகசியமாக, கேட்கக் கூடாததைக் கேட்கிற சின்னப் பிள்ளையாக. மூடியைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தபோது, ஊட்டிவிட வேண்டாம், கையால்தான் சாப்பிடுவேன் என்றாள்.

"சாமி கோவிச்சுக்குமாடி?"

"கோழிக்கா?"

"தெனமும் எரநூறு புள்ளைகளுக்கு முட்டை அவிச்சுக் குடுத்த கைடி இது. ஒரு கோழிக்குக் கோவிச்சா கோவிச்சுட்டுப் போகட்டும்." கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "உங்க மச்சான்கிட்ட மட்டும் சொல்லிராத. பாவம், செருப்புக்கூட இல்லாமத் திரியிறாரு," என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். பவதாரிணி எலும்புகளைப் பேப்பரில் சுற்றி, ஹேண்ட்பேக்கில் வைத்து எடுத்துப் போனாள்.

இப்போது அவள் சூரியபிரகாஷுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காளை போவார் என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தாள். அவர் போகவில்லை. போகிற ஆளாகவும் தெரியவில்லை.

"மச்சான், உங்க செருப்பால இல்ல. முந்தாநாள் நான் அக்காவுக்குக் கோழி கொண்டாந்து குடுத்தேன். நாட்டுக்கோழி. இந்த வீட்டுக்குள்ள, உங்க கட்டில்ல வச்சு. அவ சாப்புட்டா. விரதம் கலைஞ்சது அதுலதான்னா, கலைச்சது நான்."

காளையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பாம்பை மிதித்தவர் இழுக்கும் மூச்சு. "அடிப்பாவி! கேட்டியா மாப்ள? நான் சொன்னேனா இல்லையா? காப்புக் கட்டுன வீட்டுல..."

"சாப்புட்டாளா?"

சூரியபிரகாஷ்தான் கேட்டான். முதல்முறையாகத் தலையைத் தூக்கியிருந்தான்.

"ம்."

"வாயில வச்சுட்டுத் துப்பிட்டாளா?"

"இல்ல மச்சான். சாப்புட்டா."

"எம்புட்டு?"

"நாலு வாய் சோறு. ஈரல் முழுசும். ரெண்டு துண்டு கறி. கால் எலும்பக் கடிச்சு உறிஞ்சுனா."

"வாந்தி எடுக்கலையா?"

"எடுக்கல. ஏப்பம் விட்டா."

முழங்காலைக் கட்டியிருந்த கைகளை அவன் விட்டான். "பத்து நாளா என்னால அவளுக்கு ஒரு வாய் இறக்க முடியல பவா. பருப்புத் தண்ணி, ரசம், கஞ்சின்னு மாத்தி மாத்தி வச்சேன். தாளிக்காத கொழம்பு. வாய்க்கு வெளங்கலைங்கன்னு சொன்னா. நோவுல சொல்றான்னு நினைச்சேன்." பிறகு, "காரம் போட்டியா?" என்றான்.

"போட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னா."

"அவ அப்படித்தான் கேப்பா," என்றான். பிறகு சத்தம் போட்டு அழுதான். காலையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து, மோட்டார் மேடையில் தலையை வைத்து அழுதான். பேச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அழுது முடித்ததும் சூரியபிரகாஷ் வலது கையைப் பவதாரிணியிடம் நீட்டினான். "வெட்டிவிடு."

"பூசாரி அவுக்கத்தான் சொன்னாரு, வெட்டக் கூடாது!" என்றார் காளை. முடிச்சு எண்ணெயும் வியர்வையும் ஊறி இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. செலவுக்குக் காசு வைத்துத் தோளில் மாட்டியிருந்த ஹேண்ட்பேக்கில் லேப்புக்கான சின்னக் கத்திரிக்கோல் இருந்தது, பிளாஸ்திரி வெட்டுவதற்கு. பவதாரிணி கயிற்றுக்குக் கீழே அதை நுழைத்து, தோலில் படாமல் ஒரு நறுக்கு நறுக்கினாள். மஞ்சள் துண்டு தரையில் விழுந்து உருண்டது. கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது.

"பாவம். மகா பாவம்," என்று சொல்லிக்கொண்டே காளை குனிந்து, முதுகு வலியில் முனகி, கயிற்றையும் மஞ்சளையும் வேப்பிலைத் துணுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வேப்ப மரத்துக்காகக் கொல்லையைச் சுற்றி வந்தார். விளாங்குடியில் இரண்டரை சென்ட் வீட்டில் வேப்ப மரத்துக்கு எங்கே போவது? ஒரு முருங்கைதான் இருந்தது. கொஞ்ச நேரம் அதை யோசனையோடு பார்த்தார். பிறகு அதன் கிளையிலேயே கட்டிவிட்டு, கண்ணை மூடி, உதடு அசைய வெகுநேரம் நின்றார். ஆர்த்திகாவின் பெயர் ஒரு தரம் காதில் விழுந்தது.

பவதாரிணி உள்ளே போனபோது விஷயம் அவளுக்கு முன்பே போயிருந்தது. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பவதாரிணி பக்கத்தில் உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துத் தன் மடிக்குள் செருகிக்கொண்டாள். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

மூன்று மணிக்குக் குளிப்பாட்டினார்கள். பிறந்த வீட்டுக் கோடியாக அரக்குச் சேலை வந்திருந்தது. பூவும் பொட்டும் வைத்தார்கள். மூன்று பெண்கள் மூன்று விதமாகக் கொடுத்து வைத்தவள் என்றார்கள். பவதாரிணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தத்தனேரி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

வாய்க்கரிசிக்கு முதலில் சூரியபிரகாஷைக் கூப்பிட்டார்கள். தலை முழுகி, ஈர வேட்டியோடு வந்தான். அரிசியை அள்ளி அவள் உதட்டில் வைத்தான். மூன்று தரம். ஒரு பருக்கை கன்னத்தில் வழிந்தது. அதை எடுத்து மறுபடி உதட்டில் வைத்தான். பிறகு யாரும் எதிர்பார்க்காத விதமாக, துணியால் கட்டியிருந்த அவள் கைகளின் கட்டைத் தளர்த்தி, வலது கையை மட்டும் வெளியே எடுத்தான்.

"நேரமாச்சுப்பா," என்றாள் ஒச்சாயி.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நடுவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு நூலளவு மஞ்சள் மிச்சமிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு குனிந்து அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தான். மறுபடி ஒரு தரம் இழுத்தான்.

பவதாரிணி இரண்டடி தள்ளி நின்றாள். அவள் நின்ற இடம் வரைக்கும் சோப்பு வாசனைதான் வந்தது.